பாம்பு நஞ்சை எடைபோடும் கருவி

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில் பள்ளியும் திறந்துவிடும். பாம்பைப் பற்றிய கேள்விகளும் அப்போதே வகுப்புக்குள் வந்துவிடும். இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "எந்தப் பாம்பா இருந்தாலும் விஷம் விஷந்தானே டீச்சர், ஒரே ஊசி போதாதா?" பதில் சொல்லி முடிக்க ஒரு பாடவேளை ஆயிற்று.

நஞ்சு ஒரே பொருள் அன்று. பல புரதங்களின் கலவை. சில நரம்பைத் தாக்கும், சில இரத்தம் உறைவதைக் குலைக்கும், சில தசையை அழிக்கும். இனத்துக்கு இனம் கலவை வேறு. ஒரே இனத்திலும் வட்டாரத்துக்கு வட்டாரம் விகிதம் மாறும். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்தோ நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாகத் தந்துவருவது, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இருளர் பாம்பு பிடிப்பாளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கலவையில் என்னென்ன புரதங்கள் உள்ளன என்பதை எப்படி அறிவது? இங்குதான் நிறை நிறமாலைமானி வருகிறது. அணுநிறை நடத்தும்போது நாம் பெயரளவில் சொல்லிக் கடந்துவிடும் அதே கருவிதான். மூலக்கூறு மின்னூட்டம் பெற்று வளிநிலையில் பறந்தால்தான் அதனால் எடைபோட முடியும். புரதத்தைச் சூடாக்கினால் முட்டை வெந்ததுபோல் கெட்டுவிடும். உயர் மின்னழுத்தம் கொடுத்த நுண்ணிய ஊசி வழியே கரைசலைத் தெளிப்பது ஜான் ஃபென் கண்ட வழி. லேசர் ஒளியால் எழுப்புவது கொய்ச்சி தனாக்காவின் வழி. 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி இவ்விருவருக்கும் பகிரப்பட்டது.

புரதத்தை முழுதாக எடைபோட்டால் அடையாளம் எளிதில் கிடைக்காது. ஆகவே டிரிப்சின் என்னும் நொதியால் வெட்டுகிறார்கள். நம் சிறுகுடலில் வேலை செய்வதுதான். லைசின், ஆர்ஜினைன் என்னும் இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே வெட்டும். கிடைத்த துண்டுகளைக் கருவிக்குள் வாயுவோடு மோதவிட்டு மேலும் உடைத்தால் எடைகளின் ஏணி ஒன்று கிடைக்கும்.

இதை நாணயங்களால் காட்டலாம். சில நாணயங்களை ஒரு வரிசையாக மறைத்து வைத்து, கூட்டுத்தொகையை மட்டும் சொல்லுங்கள்: 5, 7, 12, 13. குழந்தைகள் கழித்துப் பார்த்து 5, 2, 5, 1 என்று வரிசையையே சொல்லிவிடுவார்கள். கருவியும் அதையே செய்கிறது. அடுத்தடுத்த எடைகளின் வேறுபாடு 57 என்றால் கிளைசின், 71 என்றால் அலனின், 87 என்றால் செரைன். 113 வந்தால் மட்டும் சிக்கல்: லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை. இரண்டு வகை 10 ரூபாய் நாணயம் இருப்பதுபோல! படித்த வரிசையைக் கணினி, ஏற்கெனவே அறிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு இவ்வழியில் பல பாம்புகளின் நஞ்சை ஆராய்ந்துவருகிறது. நால்வர் பட்டியலில் சேராத சில பாம்புகளின் நஞ்சை இப்போதைய மருந்து போதிய அளவு முறிப்பதில்லை என்று 2019இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டோடு சேர்த்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். நமக்கு இன்னும் அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மூக்குநுனி மேலெழுந்த சிறிய குழிவிரியன் உண்டு, சருகுக்குள் கிடக்கும். இதன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நம் மருந்து இதற்கெனச் செய்யப்பட்டதன்று. கேரளத்தில் இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணி மருந்து செலுத்திய நேர்வுகள் பதிவாகியுள்ளன.

"அப்ப கடிச்ச பாம்ப அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா?" என்றான் ஒரு பையன். வேண்டாம் என்றேன். அடிக்கப் போனால் இன்னொருவரும் கடிபடுவார், நேரமும் போகும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், கீறாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனால் போதும். அங்கே இந்தக் கருவி இருக்காது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியனின் வேலை என்று ஊகித்துச் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.