இருபதுகளில் எழுதியவர்கள் – 9: ஒரு தெருவும் முழு வானமும்

ஜெர்மானியப் படைகள் நெதர்லாந்தைப் பிடித்துப் பத்து மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. 1941 மார்ச்சில், ஆம்ஸ்டர்டாமின் கப்ரியேல் மெட்சு தெருவில் 6-ஆம் எண் வீட்டில் குடியிருந்த எட்டி ஹில்லசம் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். வயது 27. சட்டம் படித்து முடித்து, ரஷ்ய மொழியில் ஆழ்ந்திருந்த யூதப் பெண். தந்தை டெவென்டர் நகரத்தில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். தாய் ரஷ்யாவிலிருந்து வந்தவர்.

அந்த முதல் பக்கங்களில் போர் அதிகம் இல்லை. தலைவலி, வயிற்றுக் கோளாறு, எழுத்தாளராக வேண்டும் என்ற தவிப்பு, எழுத உட்கார்ந்தால் வராத சொற்கள், ஒரே நாளில் உச்சிக்கும் பாதாளத்துக்கும் போய்வரும் மனம் என்றுதான் பக்கங்கள் நகர்கின்றன. யூலியுஸ் ஸ்பீர் என்பவரிடம் அவர் ஆலோசனைக்குப் போய்வந்தார். பெர்லினிலிருந்து வந்த யூதர், உளவியலாளர் யுங்கிடம் பயின்றவர், உள்ளங்கையைப் பார்த்து மனத்தை ஆராய்பவர். நாட்குறிப்பு எழுதத் தூண்டியது அவர்தான். அந்த உறவு பின்னாளில் காதலாகவும் நட்பாகவும் கிளைவிட்டது.

போதும் என்ற மனம் எட்டிக்கு இயல்பாக வாய்த்த ஒன்றல்ல. அழகான எதைப் பார்த்தாலும் அது தனக்கே வேண்டும் என்ற வெறி அவருக்குள் இருந்தது. ஒரு பூவைக் கண்டால் பார்த்து மகிழ்வதோடு நிற்க முடியாது. அப்படியே தின்றுவிட வேண்டும் போலிருக்கும். காட்சி அழகாக இருக்க இருக்க வலியும் கூடும். அந்த ஏக்கத்தை எழுத்தில் கொட்டித் தீர்க்கப் பார்ப்பார், அதுவும் நடக்காது. எழுதத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு மாலைப் பொழுதில் இந்தப் பிடி தளர்ந்ததை அவர் பதிவு செய்கிறார். காட்சி அதேதான். ஆனால் அதை உரிமையாக்கிக்கொள்ளும் ஆசை இல்லை. வீடு திரும்பியபோது உடம்பில் புதுத் தெம்பு இருந்தது.

அதன் பிறகு வந்தது பயிற்சி. காலையில் வேலை தொடங்குமுன் கொஞ்ச நேரம் தனக்குள் அமைதியாக உட்கார்ந்து கவனிப்பது. கவிஞர் ரில்கேயைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. மத்தேயு நற்செய்தியில் நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று வரும் பகுதியை மனத்தில் ஏற்றிக்கொள்வது. நாளையைப் பற்றிய சில்லறைக் கவலைகளை தெள்ளுப்பூச்சிகளை நசுக்குவதுபோல் அன்றாடம் ஒழிக்க வேண்டும் என்று அவர் எழுதினார். அவை இன்றைய நாளின் தெம்பை உறிஞ்சிவிடுகின்றன என்பது அவருடைய கணக்கு.

வெளியே உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1942 மே மாதம் முதல் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஆனது. பூங்காக்கள் அவர்களுக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. டிராமில் ஏறக் கூடாது. சைக்கிளும் பறிபோனது. அந்த ஜூனில் எட்டி எழுதிய ஒரு குறிப்பு இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது: நடக்க விடப்பட்டிருப்பது ஒரு குறுகலான தெருவாக இருக்கலாம், ஆனால் அதற்கு மேலே வானம் முழுதாக இருக்கிறது என்பது அதன் சாரம்.

இதைக் கண்ணை மூடிக்கொண்ட நிம்மதி என்று எடுத்துக்கொள்வது பெரும் தவறு. நடக்கப்போவது என்ன என்று சுற்றியிருந்த பலரையும்விட அவருக்குத் தெளிவாகத் தெரியும். 1942 ஜூலை 3 அன்று அவர் நேராகவே எழுதிவிட்டார்: தங்களை முழுதாக அழிப்பதுதான் ஜெர்மானியரின் நோக்கம், அதை ஏற்றுக்கொண்டே இனி வாழ வேண்டும். அதே பக்கத்தில், வாழ்க்கை பொருளுள்ளது என்றும் எழுதினார். இரண்டையும் ஒன்றாகத் தாங்கியதுதான் அவரது பலம். அதே நாட்களில், நாடு கடத்தப்பட்டால் முதுகுப்பையில் எதை எடுத்துப்போவது, பைபிளுக்கும் ரில்கேக்கும் இடமிருக்குமா என்றும் யோசித்தார். நாளைக்கான ஆயத்தத்தை அவர் கைவிடவில்லை. நாளையின் பயத்துக்கு இன்றைய நாளைத் தர மறுத்தார், அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்புறம் பூத்திருந்த மல்லிகை மழையில் சிதைந்து, பூக்கள் சேற்றுநீரில் மிதந்ததை அந்த ஜூலையிலேயே குறிப்பிடுகிறார். தனக்குள் அது சேதமின்றிப் பூத்துக்கொண்டிருக்கிறது என்கிறார்.

அந்த மாதமே அவருக்கு, ஜெர்மானியர் உத்தரவில் அமைந்த யூத கவுன்சில் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அது நாடு கடத்தலிலிருந்து அப்போதைக்குக் காப்பாற்றும் வேலை. எட்டிக்கு அந்தப் பாதுகாப்பு உறுத்தியது. இரண்டு வாரங்களில், தானாகவே கேட்டு, வெஸ்டர்போர்க் முகாமுக்குப் போனார்.

வடகிழக்கே டிரென்டே மாகாணத்தின் பொட்டல்வெளியில், முள்வேலிக்குள் இருந்தது அந்த இடைத்தங்கல் முகாம். போர் முடிவதற்குள் அங்கிருந்து 1,00,000-க்கும் அதிகமானோர் கிழக்கே அனுப்பப்பட்டனர். 1943-இல் செவ்வாய்க்கிழமை என்றாலே ரயில் நாள். எட்டி அங்கே மருத்துவக் குடிசைகளில் நோயாளிகளுக்கு உதவினார். தாய்மார்களுக்குக் குழந்தைகளின் துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்தார். வேலியோரம் நிமிர்ந்து நிற்கும் ஊதா நிற லூப்பின் பூக்களைப் பற்றிக் கடிதம் எழுதிய அதே கைதான், 1943 ஆகஸ்ட் 24 அன்று, ரயில் புறப்படும் முந்தைய இரவின் கோரத்தை ஒவ்வொரு முகமாக எழுதியது. அந்தக் கடிதத்தையும் முந்தைய ஆண்டு எழுதிய இன்னொன்றையும், ஓர் ஓவியரின் கடிதங்கள் என்ற போர்வையில், எதிர்ப்பியக்கத்தினர் அந்த ஆண்டே ரகசியமாக அச்சிட்டனர்.

ஒளிந்துகொள்ளச் சொல்லி நண்பர்கள் மன்றாடியும் அவர் இணங்கவில்லை. தன் மக்களுக்கு நேர்வது தனக்கும் நேரட்டும் என்றார். இந்த முடிவைக் கேள்வி கேட்பவர்கள் உண்டு. அநீதியின் முன் இது பணிந்துபோதல் ஆகாதா என்பது அவர்கள் வாதம். அதை ஒதுக்கிவிட முடியாது. தப்பிப் பிழைத்து எழுதியிருக்க வேண்டிய எழுத்தாளர் அவர். ஆயினும் அந்த ஓராண்டில் முகாமில் அவர் செய்த பணியைப் பார்க்கும்போது, சும்மா இருந்தார் என்று சொல்ல நா எழாது.

1943 செப்டம்பர் 7, செவ்வாய்க்கிழமை. பெற்றோரும் தம்பி மிஷாவும் ஏறிய அதே ரயிலில் எட்டியும் அவுஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டார். வண்டியிலிருந்து அவர் வீசிய அஞ்சலட்டையை விவசாயிகள் கண்டெடுத்துத் தபாலில் சேர்த்தனர். பாட்டுப் பாடிக்கொண்டே முகாமை விட்டுக் கிளம்பினோம் என்று அதில் இருந்தது. செஞ்சிலுவைச் சங்கப் பதிவின்படி அவர் இறந்த நாள் 1943 நவம்பர் 30. வயது 29.

தான் திரும்பாவிட்டால் நோட்டுப் புத்தகங்களை எழுத்தாளர் கிளாஸ் ஸ்மெலிக்கிடம் சேர்த்துவிடும்படி ஒரு தோழியிடம் கொடுத்துவைத்திருந்தார். ஸ்மெலிக் அணுகிய பதிப்பகங்கள் மறுத்தன. 1981-இல்தான் முதல் தொகுப்பு டச்சு மொழியில் வெளியானது. பிறகு பல மொழிகளுக்குப் போனது. டெவென்டரில் இன்று அவர் பெயரில் ஒரு நினைவு மையம் இருக்கிறது.

(அடுத்த வாரம்: 1845 ஜூலையில் வால்டன் குளக்கரைக்குக் குடிபோன 27 வயது தோரோ)