கடப்படிக்கு ஒரு கட்டளை

மட்டக்களப்புப் பகுதியில் வளவுக்குள் நுழையும் வாயிலைக் கடப்படி என்று வழங்குவர். முன்னாளில் பல வளவுகளில் இரு கட்டைகளை நட்டு, அவற்றில் துளையிட்டு, குறுக்கே மூன்று நான்கு கம்புகளைச் செருகி வைப்பதே வாயிலாக இருந்தது. மாடு வந்தால் நின்றுவிடும். மனிதர் வந்தால் கம்பை உருவிவிட்டு உள்ளே போவார். பின்னர் ஓலைப்படலை வந்தது, தகரப்படலை வந்தது, இரும்புக் கேற்றும் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நியதி ஒன்று உண்டு. திறப்பவருடைய கை வாயிலண்டை இருக்க வேண்டும் என்பதே அது.

அந்த நியதி இப்பொழுது தளர்ந்துவிட்டது. கை ஓரிடத்திலும் கடப்படி வேறோரிடத்திலும் இருக்க, இடையே ஒரு கட்டளை மாத்திரம் பறந்து செல்கிறது. அது எவ்வாறு செல்கிறது, சென்ற இடத்தில் என்ன செய்கிறது, எப்பொழுது செய்யாமல் நம்மைக் கைவிடுகிறது என்பவற்றை இன்று காண்போம்.

இவ்வசதியை நாடுவோரின் நிலையை முதலில் நினைத்துப் பாருங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ குடியிருக்கும் ஒருவருக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் தென்னந்தோட்டம் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். 2014-ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் பயணம் சுருங்கியது. அதற்குமுன் அத்துறையில் ‘பாதை’ ஏறியே வாவியைக் கடந்தார்கள். ஆயினும் தேங்காய் ஏற்ற வரும் லொறிக்குக் கேற்றைத் திறந்துவிடுவதற்காக மாத்திரம் ஒருவர் வாவியைக் கடந்துபோய் வருவது வீண் அலைச்சலே. இன்னும் சிலருடைய நிலை இதைவிடக் கடினமானது. மகன் ரொறன்ரோவில் இருப்பான். முதிய தாய் தோட்டத்து வீட்டில் தனியே இருப்பார். நள்ளிரவில் பாம்பு தீண்டிவிட்டது என்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியும் வந்து நிற்கிறது. எழுந்து வரமுடியாத அத்தாய் கடப்படியைத் திறப்பது எப்படி?

தொலைவு என்பது இங்கே இரு வகைப்படும். வண்டியில் இருந்தபடியே, மழையில் நனையாமல், ஐம்பது அறுபது அடிக்கு அப்பாலிருந்து திறப்பது ஒரு வகை. ஊர்விட்டு ஊரிலிருந்து, அல்லது கடல்கடந்த நாட்டிலிருந்து திறப்பது மற்றொரு வகை. முன்னதற்குக் கைக்குள் அடங்கும் ரிமோட் போதும். பின்னதற்குத் தொலைபேசி வேண்டும்.

வானொலி நேயர்களுக்கு ரிமோட்டை விளக்குவது எளிது. அது ஒரு குட்டி வானொலி நிலையம். பெரும்பாலான ரிமோட்டுகள் வினாடிக்கு 43 கோடியே 30 இலட்சம் தடவை அதிரும் அலையை வெளியிடுகின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 69 சென்ரிமீற்றர். ஆகவே அதன் காற்பங்காகிய 17 சென்ரிமீற்றர் கம்பி, அதாவது ஒரு சாணுக்கும் குறைந்த கம்பி, கடப்படியில் உள்ள வாங்கிக்கு நல்ல ஏரியலாக அமைகிறது. வானொலி அலையால் ஒரு பொறியை ஏவும் வித்தை புதியதன்று. 1898-இல் நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர், நியூயோர்க் நகரத்து மண்டபமொன்றில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பித் தொடர்பில்லாமல் ஓட்டிக் காட்டினார்.

ஆனால் வானொலி அலைக்கு வேலி கிடையாது. நாம் அனுப்பும் கட்டளை நம் வாங்கிக்கு எட்டுவதுபோலவே வழிப்போக்கரின் கருவிக்கும் எட்டும். பழைய ரிமோட்டுகள் சிலவற்றில் பன்னிரண்டு சிறு விசைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் மேலோ கீழோ வைக்கலாம் என்றால், உண்டாகக்கூடிய இரகசியங்கள் மொத்தம் 4096 மாத்திரமே. 2015-இல் சாமி கம்கார் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறுமிகள் விளையாடும் செய்திக் கருவியொன்றைத் திருத்தி, இந்த 4096 இரகசியங்களையும் பத்து வினாடிக்குள் அனுப்பித் தீர்க்கலாம் என்று நிறுவினார். பத்து வினாடி! ஓலைப்படலையின் கயிற்றை அவிழ்க்கக்கூட அதைவிட நேரம் எடுக்குமே.

இதற்கு மாற்றாக வந்ததே உருளும் குறியீடு. ரிமோட்டும் வாங்கியும் ஒரே இரகசியத்தை மனத்தில் வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே கணக்கை எண்ணிக்கொண்டு வருகின்றன. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கணக்கு ஒன்று கூடி, இரகசியத்தோடு கலந்து, முன் ஒருபோதும் சொல்லாத சொல்லாக வெளிவருகிறது. கழிந்துபோன சொல்லை எவர் திருப்பிச் சொன்னாலும் வாங்கி அதை ஏற்பதில்லை. குழந்தைகள் வீட்டிலிருந்து ரிமோட்டை அழுத்தி விளையாடினால் ரிமோட்டின் கணக்கு முந்திவிடும் என்பதற்காக, அடுத்துவரும் சில சொற்களையும் வாங்கி ஏற்றுக்கொள்ளும். கணக்கு மிகவும் முந்திவிட்டால் இரண்டையும் மறுபடி இசைவித்தல் வேண்டும். “நேற்றுவரை திறந்த ரிமோட் இன்று திறக்கவில்லையே” என்று திகைப்போர் இக்காரணத்தையும் நினைத்துப் பார்க்கலாம்.

இந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி கண்டவர் அதே கம்கார்தான். அதே ஆண்டில், நாம் அனுப்பும் முதற்சொல்லை வாங்கிக்கு எட்டவிடாமல் இரைச்சலால் மறைத்து, தான் மாத்திரம் கேட்டு வைத்துக்கொள்ளும் ஒரு பொறியை அவர் செய்து காட்டினார். கேற் திறக்கவில்லையே என்று நாம் மீண்டும் அழுத்துவோம். அப்பொழுது பொறி இரண்டாஞ்சொல்லையும் மறைத்து வைத்துக்கொண்டு, முதற்சொல்லை வாங்கிக்கு அனுப்பும். கேற் திறந்துவிடும், நாமும் ஐயுறமாட்டோம். பயன்படாத இரண்டாஞ்சொல் கள்வன் கையில் தங்கிவிடும். ஆயினும் தேங்காய்க் கள்வன் இவ்வளவு படிப்பாளியாக வருவான் என்று நான் எண்ணவில்லை. வேலி இருக்கும் நிலையைப் பார்த்தால், அவனுக்குக் கடப்படியே வேண்டியதில்லை. உருளும் குறியீட்டுக் கருவியை வாங்குங்கள். அதற்கு மேலான கவலை நம் தோட்டங்களுக்கு மிகை.

இனித் தொலைபேசி வழி. கடப்படிப் பெட்டிக்குள் சிம் அட்டை பொருத்திய சிறு கருவி இருக்கும். நீங்கள் அதன் இலக்கத்துக்கு அழைக்கிறீர்கள். அழைப்பவர் இலக்கம் தன் பட்டியலில் உள்ளதா என்று அது பார்க்கிறது. இருந்தால் அழைப்பை ஏற்காமலே துண்டித்துவிட்டு, உள்ளிருக்கும் மின்விசையை ஒரு வினாடி இணைக்கிறது. மோட்டார் ஓடுகிறது. அழைப்பு ஏற்கப்படாதபடியால் கட்டணமும் இல்லை. நம்மவர்கள் ‘மிஸ்ட் கோல்’ என்று பெயரிட்டுச் சிக்கனத்துக்குப் பயன்படுத்தும் அதே தந்திரம் இங்கே திறப்பாகிவிட்டது. ஆனால் அந்தச் சிம்முக்கு அவ்வப்போது பணம் இட்டு உயிர்ப்புடன் வைக்க மறந்தால், அவசர வேளையில் அது ஊமையாகிவிடும். தொலைபேசி வலையமைப்புகளின் தலைமுறை மாற்றத்தையும் கவனிக்க வேண்டும்: 2017-இல் சிங்கப்பூர் தன் இரண்டாந்தலைமுறைச் சேவையை நிறுத்தியது. அத்தகைய சேவையை மாத்திரம் அறிந்த கருவிகள் நல்ல நிலையில் இருந்தும் அதன்பின் பயனற்றவையே.

இணையத்தின் மூலம் இயங்கும் கருவிகளும் உண்டு. கல்லடியிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகும் கட்டளை, பெரும்பாலும் பிறநாடொன்றில் இருக்கும் கணினிக்குப் போய், அங்கிருந்து வாவிக்கரைக்குத் திரும்பி வருகிறது. அக்கணினியை நடத்தும் கம்பனி கடையை மூடினால் நம் கடப்படியும் மூடியபடியே இருக்கும். படமெடுத்துக் காட்டும் கமராவுக்கு இவ்வழி வேண்டும்தான். திறப்பதற்கு இதை மாத்திரம் நம்பியிருத்தல் கூடாது.

கமராவைக் குறித்துச் சொல்லவேண்டிய காரணம் வேறொன்றும் இருக்கிறது. வாயிலண்டை நின்று திறப்பவன் கண்ணால் பார்த்துக்கொண்டே திறக்கிறான். தொலைவில் இருப்பவனுக்குக் கை நீண்டதேயன்றிக் கண் நீளவில்லை. 2010-ஆம் ஆண்டில் பிரித்தானியாவில், ஒரு வார காலத்துக்குள், வெவ்வேறு இடங்களில் இரண்டு சிறுமிகள் மின்சாரக் கேற்றுகளில் அகப்பட்டு உயிரிழந்தார்கள். ஒரு குழந்தைக்கு ஐந்து வயது, மற்றக் குழந்தைக்கு ஆறு. கேற்றின் கனமும் மோட்டாரின் இழுவையும் சேரும்பொழுது, அதற்கும் குழந்தைக்கும் நடுவே இருக்கவேண்டியவை இரண்டு: குறுக்கே எவரேனும் வந்தால் அறியும் ஒளிக்கண், தடை ஏற்பட்டவுடன் நின்று பின்வாங்கும்படி மோட்டாரின் விசைக்கு இட்ட எல்லை. இவற்றைச் செலவுக் குறைப்பு என்று விட்டுவிடுபவர் கேற்றுக்கு மோட்டாரே பூட்டாதிருப்பது நலம். நம் ஊர்களில் கேற்றின்மேல் ஏறி ஊஞ்சலாடாத பிள்ளை எங்கே இருக்கிறது?

திறப்பதைக் காட்டிலும் மூடுவதே பெரும்பாலும் ஆபத்து. ஆகவே தொலைவிலிருந்து திறக்கலாம். கண்ணால் காணாமல் மூடக்கூடாது என்பது என் கருத்து. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்கவேண்டி வரும்பொழுது, தாழ்நிலத்து மக்களுக்கு முன்னறிவித்தல் விடுப்பதை மாரிகாலச் செய்திகளில் நேயர்கள் கேட்டிருப்பீர்கள். வீட்டுக் கேற்றுக்கும் அந்த மரியாதை வேண்டும். அசையுமுன் சில வினாடி மின்னும் ஒரு மஞ்சள் விளக்கு போதுமானது.

இனி மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9-ஆம் தேதி, பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் இல்லாமற் போயிற்று. 1978 நவம்பர் 23-ஆம் தேதிச் சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் கூரைகளையும் மின்கம்பங்களையும் சேர்த்தே சாய்த்தது. கடப்படி அவசியமாகத் திறக்கவேண்டிய இரவும் மின்சாரம் போகும் இரவும் பலவேளை ஒரே இரவாக அமைகின்றன.

இதனாலேயே 24 வோல்ற்று நேர்மின்னோட்ட மோட்டார் நல்லதென்கிறேன். பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டைப் பெட்டிக்குள் வைத்தால், மின்சாரம் நின்ற பின்னரும் சில தடவை திறந்து மூடும். மின்கம்பி எட்டாத தோட்டத்துக்குச் சூரிய மின்தகடு போதும். ஆனால் நம் வெப்பத்தில் ஈயப் பற்றரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். வெளிக்குத் தெரியாமலே தளரும். வாவிக்கரைக் காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும். கதகதப்பை நாடிப் பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் குடியேறும். துளைகளை அடைத்து, பெட்டியைச் சென்ற மாரிகால வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே பொருத்த வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் கேற் வண்டலிலும் மணலிலும் சிக்கும். தாழ்ந்த நிலத்துக்குத் தூணில் தொங்கி உட்புறம் திறக்கும் கேற்றே ஏற்றது. வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கங்களில் யானை வருமே என்பீர்கள். யானை ரிமோட்டைக் கேட்பதில்லை. அது பிடுங்கி எறிந்தாலும் பெருநட்டம் வராதபடி, அங்கே விலையுயர்ந்த கேற்றைத் தவிர்த்தலே தகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மோட்டாருக்குள் இருக்கும் திருகுப்பற்சில்லு, மோட்டார் சுழன்றால் கேற்றை அசைக்கும். கேற்றைத் தள்ளினால் மோட்டாரை அசைய விடாது. பூட்டுப்போல் நிற்கும் அந்த இயல்பே களவுக்குக் காவல். மின்சாரம் அற்ற வேளையில் அதுவே சிறை. எனவே ஒவ்வொரு மோட்டாரிலும் பற்சில்லை விலக்கிவிடுவதற்கு ஒரு சிறு திறப்பு வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பியதும் கேற் பழைய படலைபோல் கைக்கு இசையும். இத்திறப்பு பல வீடுகளில் மோட்டார் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே உறங்குகிறது. சில வேளை சொந்தக்காரரின் பயணப்பையில் கடல்கடந்தும் போய்விடுகிறது.

அதற்கு இரண்டு பிரதிகள் வெட்டி, ஒன்றை வளவுக்குள் இருப்பவரிடமும், மற்றொன்றை நம்பிக்கையான அயலவரிடமும் கொடுங்கள். மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், மின்னிணைப்பையும் பற்றரியையும் துண்டித்துவிட்டு, அவர்கள் இருவரையுமே தம் கையால் கேற்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் விரலுக்குத் திறப்பு கடினமாக இருந்தால், துளையில் இரண்டு துளி எண்ணெய் விடவேண்டும்.