நினைவு தவறிய முதியோரும் அவரைத் தாங்குவோரும்: கொல்லிமலையை முன்வைத்துச் சில எண்ணங்கள்

காரவள்ளியிலிருந்து செம்மேடு நோக்கி ஏறும் மலைச்சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உல்லாசப் பயணியர்க்கு அவை வேடிக்கை. ஒளிப்படம் எடுத்துக்கொள்ள உகந்த இடங்கள். தன் மருமகளையே யாரோ ஓர் அயலாள் என்று எண்ணி அஞ்சும் ஒரு முதியவரை, வாந்திக்கும் கூச்சலுக்கும் இடையே பேருந்தில் அமர்த்தி, நாமக்கல் வரை இறக்கிச் செல்ல வேண்டிய பெண்ணுக்கு அவ்வெழுபதும் எழுபது சுவர்கள். நினைவிழப்பு நோயைப் பற்றிய பேச்சு நம் ஏடுகளில் வரும்போதெல்லாம் அது மாநகரத்து நோயாகவும், பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட வீடுகளின் துயரமாகவுமே காட்டப்பெறுகிறது. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை உணர்வதற்குக் கொல்லிமலை போன்ற ஓரிடத்திலிருந்து நோக்குவது பயன்தரும் எனக் கருதுகிறோம்.

வல்வில் ஓரியின் மலை என்று சங்கப் பாடல்களால் நாம் அறிந்த இப்பகுதி கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தாரோ என மயங்க வேண்டா. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்தம் மரபுக் கதை. வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகளாக ஊர்கள் பிரிந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்னும் மரபுத் தலைமை உண்டு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெருமளவு மரவள்ளி புகுந்துவிட்டது. இளையோர் பலர் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கும் சமவெளியின் வேலைகளுக்கும் பருவம்தோறும் இறங்கிச் செல்கின்றனர். அம்மாதங்களில் வீட்டில் எஞ்சுவோர் முதியவரும் சிறுவரும், அவ்விருவரையும் காக்கும் ஒரு பெண்ணுமே.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1901இல் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்டே என்னும் ஐம்பது வயதைக் கடந்த பெண்ணை அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் கண்டார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து 1906இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அல்சைமர் நோயே இன்று அறியப்பட்ட நினைவிழப்பு நோய்களுள் மிகுதியானது. மூளையின் குருதிக் குழாய்கள் பழுதுறுவதால் வருவது அதற்கு அடுத்தது. சாவியை வைத்த இடம் மறப்பது இந்நோயன்று. சாவி எதற்கென்று மறப்பதே இந்நோய். நாளும் பொழுதும் குழம்பும், சொற்கள் நழுவும், வழி தவறும், ஐயமும் சினமும் எழும், இறுதியில் உண்ணவும் கழிக்கவும் பிறர் கை வேண்டும்.

இதற்கு நம் மொழியில் நிலைத்த பெயரில்லை என்பதும் ஒரு குறையே. இலங்கைத் தமிழர் 'அறளை பெயர்தல்' என்பர். மலையாள மொழியில் 'சின்னன்' என்றொரு சொல் வழங்குவதைத் திருச்சூர் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். மீண்டும் சிறுபிள்ளை ஆதல் என்பது கருத்து. தமிழகத்துச் சிற்றூர்களில் 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. பெயரிடப்படாத நோய்க்கு மருந்து தேடுவாருமில்லை, உதவி கேட்பாருமில்லை. ஜப்பானியர் 2004இல் மடமை என்னும் பொருள் தொனித்த பழஞ்சொல்லை அரசு வழக்கிலிருந்து நீக்கி, அறிதிறன் குறைபாடு எனப் பொருள்படும் புதுச்சொல்லை ஏற்றனர். பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாது, ஆனால் வீட்டார் வெட்கமின்றி அண்டை வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு சொல் கிடைக்கும்.

நாட்டுப்புறத்தில் இந்நோய் உண்டா என்னும் ஐயத்தைத் தமிழகத்திலேயே இரண்டு ஆய்வுகள் தீர்த்துள்ளன. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சார்ந்த மருத்துவர்கள் திருப்போரூர்ப் பகுதியில் நடத்திய ஆய்வு 1997இல் வெளிவந்தது. அறுபது கடந்தோருள் நூற்றுக்கு மூன்றரைப் பேர் அளவில் நோயுற்றிருந்தனர். பின்னர், 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழுவின் பகுதியாக வேலூர் மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் அறுபத்தைந்து கடந்த ஆயிரம் பேரை ஆராய்ந்தனர். அங்கே விந்தையானதொரு முடிவு கிட்டியது. அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் அளவுகோலைக் கொண்டு நோக்கியபோது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் தென்பட்டது. வளரும் நாடுகளுக்கென அக்குழு வகுத்த அளவுகோலைக் கொண்டு நோக்கியபோதோ பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தது.

ஒரே மக்களிடத்தில் இத்துணை வேறுபாடு ஏன்? முதல் அளவுகோல், முதியவரின் அன்றாடச் செயல்கள் குன்றியுள்ளன என்று வீட்டார் எடுத்துரைத்தால்தான் நோயென ஏற்கும். நம் சிற்றூர்களில் முதியவர் சமைப்பதில்லை, கணக்குப் பார்ப்பதில்லை, தனியே பயணம் செய்வதில்லை. சோறு கைக்கு வருகிறது. அவர் இழந்தது எதுவென்று வீட்டார்க்கே தெரிவதில்லை. குடும்பம் தன் தோளால் தாங்கித் தாங்கியே நோயை மறைத்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசும் நாம் இதனையும் சேர்த்தே பேச வேண்டும். தாங்கும் அத்தோள் யாருடையது என்ற வினா அங்கேதான் பிறக்கிறது.

2023இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு அறுபது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு, ஏறத்தாழ 88 இலட்சம் இந்தியர்க்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நகரத்தினும் நாட்டுப்புறத்திலும், ஆடவரினும் பெண்டிரிடத்தும் அது மிகுதி. கொல்லிமலையில் 2011 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் நாற்பதாயிரத்தை ஒட்டியவர். தமிழகத்தில் அப்போது பத்தில் ஒருவர் அறுபது கடந்தவர். இவ்விகிதங்களை மலைக்குப் பொருத்தினால் முந்நூறு பேரையொட்டிய ஒரு தொகை கிடைக்கிறது. இது தாளில் போட்ட கணக்கே. ஆயினும் முந்நூறு முதியவர் என்றால் முந்நூறு வீடுகள் என்பதை மறத்தலாகாது.

அவர்களைக் கண்டறிவது எவ்வாறு? 1975இல் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் வழங்கும் சிறு நினைவுத் தேர்வு, ஒரு சொற்றொடரை எழுதச் சொல்லும்; இன்றைய தேதியைக் கேட்கும். எழுத்தறியாத ஒரு முதியவளிடம் இவற்றைக் கேட்டால் நலமுடன் இருப்பவளும் நோயாளியாவாள். அரியானாவின் பல்லப்கர் பகுதியில் ஆராய்ந்தவர்கள் 1990களில் இந்தியில் புதிய தேர்வொன்றை எழுத்தறியாதார்க்கென அமைக்க நேர்ந்தது இதனாலேயே. கொல்லிமலையில் ஆடி வந்துவிட்டதா, சாமை விதைத்தாயிற்றா, சோளக்காட்டுச் சந்தை என்றைக்கு என்று கேட்பதே முறையான தேர்வாகும். இதனை வெளியூர் மருத்துவரைவிட அவ்வூர்ப் பணியாளரே செவ்வனே கேட்பார். திருச்சூர் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்க்குச் சில மணி நேரமே பயிற்சியளித்தனர். நோயாளியெனப் பிறகு அவர்கள் காட்டியவர்களுள் மூன்றில் இருவர் அளவில் மெய்யாகவே நோயுற்றிருந்தமையை 2002இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கண்டறிந்தபின் என் செய்வது என்பதே கடினமான பகுதி. குணமாக்கும் மருந்து இல்லை. டோனெபிசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சிறிது காலம் துணைசெய்யும். மேலைநாடுகளில் 2023 முதல் இசைவு பெற்றுவரும் புதிய ஊசிமருந்துகள் தொடக்க நிலை நோயை ஓரளவே மந்தப்படுத்துபவை. அவற்றின் விலையும் அவற்றுக்குத் தேவையான மூளைப் படங்களும் எழுபது வளைவுகளுக்கு மேலே இருப்போர்க்கு எட்டுவன அல்ல. எனினும் மருத்துவரை ஒருமுறையேனும் காண்பது இன்றியமையாதது. தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியன நினைவிழப்பைப் போலவே தோன்றும், அவை தீரக்கூடியவை. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால் அது காய்ச்சலாலோ சிறுநீர்த் தொற்றாலோ வந்த குழப்பமாகலாம். உடனே சிகிச்சை வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, கேள்வித்திறன் குறைவு, பார்வைக் குறைவு முதலிய பதினான்கு காரணிகளை நீக்க முடியுமானால் உலகில் பாதிக்குச் சற்றே குறைவான நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் லான்செட் ஆணையம் கூறிற்று. ஒரு கண்புரை அறுவையும் இப்பட்டியலில் அடங்கும் என்பது மலைவாழ் மக்களுக்கு நற்செய்தி.

இனி, தாங்குவோர். கோவாவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வு கசப்பான உண்மையொன்றை வெளிக்கொணர்ந்தது. முதியவர் நினைவு தடுமாறுவது இயல்பான மூப்பு என்றும், வீட்டார் சரியாகக் கவனிக்காததால் விளைந்தது என்றும் ஊரார் ஒருங்கே நம்பினர். கேரளத்துப் பராமரிப்பாளரும் இத்தகைய பழியைச் சுமந்தனர். இரவெல்லாம் விழித்திருந்து மாமனாரின் ஆடையை மாற்றிய பெண்ணைப் பார்த்து, 'அவளுக்கு அன்பில்லை, அதனால்தான் கிழவர் அலைகிறார்' என்று தெரு பேசும். முதியவரும் தம் பங்குக்கு, 'எனக்குச் சோறே போடுவதில்லை' என்று வந்தவரிடமெல்லாம் முறையிடுவார். உண்டதை மறந்தவர் பொய்யுரைப்பவர் அல்லர். அவ்வுறவினர் இருவரும் குற்றமற்றவர்கள். குற்றவாளி மூளையில் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை ஊர் அறிந்தாலே பாதிச் சுமை குறையும்.

அக்கோவாவிலேயே அமித் டயாஸ், விக்ரம் படேல் ஆகியோரும் உடன்பணியாளரும் 81 குடும்பங்களைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தி 2008இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு, சிறு பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஆறு மாதம் வீடு தேடிச் சென்றார். நோய் என்னவென்று விளக்கினார்; கூச்சலுக்கும் உறக்கமின்மைக்கும் வழி சொன்னார்; பிற உறவினரையும் பொறுப்பில் சேர்த்தார்; தேவைப்பட்டோரை மருத்துவரிடம் சேர்ப்பித்தார். நோயாளியின் நினைவு மீளவில்லை. ஆனால் பராமரிப்பவரின் மனநலம் மேம்பட்டது; துயரம் தணிந்தது. பெருங்கட்டடமோ சிறப்பு மருத்துவமனையோ இதற்குத் தேவைப்படவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

கொல்லிமலையில் அத்தகைய ஆலோசகரைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மாத்திரை கொண்டு வீடுதோறும் செல்கின்றனர். படுக்கையில் வீழ்ந்தோர்க்கு நோய்த்தணிப்புச் சேவையும் அத்திட்டத்தில் உண்டு. மாத்திரை கொடுக்கும் அக்கையே இரண்டு வினாக்களைக் கூடுதலாகக் கேட்கலாம்: ஒன்று முதியவரைப் பற்றி, மற்றொன்று 'நீ இரவில் உறங்குகிறாயா' என்று அவ்வீட்டுப் பெண்ணிடம். இரண்டாவது வினாவை நம் மருத்துவ அமைப்பில் ஒருவரும் கேட்பதில்லை.

அரசால் இயலாததை அண்டை வீட்டார் செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்துக் குழுக்களாக விரிந்தது. கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் ஆகியோர் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கினர். சிறு நன்கொடைகளே முதலாயின. ஜப்பானில் 2005 முதல் ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தி, வங்கி எழுத்தர் முதல் பள்ளிச் சிறுவர் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை 'ஆதரவாளர்' ஆக்கியுள்ளனர். வழிதவறிய முதியவரை முன்னால் நின்று, மெல்லப் பேசி, அச்சுறுத்தாமல் அழைத்துவரத் தெரிந்திருப்பதே அவர்தம் கல்வி. ஊர்க்கவுண்டர் அழைத்தால் கூடும் மன்றம் உள்ள மலையில் அந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்காதா என்ன? மலையில் அதற்குக் கூடுதல் தேவையும் உண்டு. சமவெளியில் வழிதவறினால் அடுத்த தெரு. இங்கோ சரிவு, குளிர், இருட்டு. பேருந்து ஓட்டுநரும் தேநீர்க் கடைக்காரரும் முதியவரை அறிந்திருப்பது ஒரு வேலிக்கு நிகர்.

மலைக்கு ஒரு வலிமையும் உண்டு. அண்மை நினைவு முதலில் அழியும். கை பழகிய தொழில் கடைசி வரை நிற்கும். பேரனின் பெயரை மறந்த மூதாட்டி முறத்தில் சாமை புடைக்கக் கூடும். மிளகு உதிர்க்கக் கூடும். அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் அமர்த்தப்பட்ட முதியவருக்கு இப்பேறு இல்லை. அவ்வேலை சரியாக நடைபெற வேண்டுமென்பதில்லை. புடைத்ததையே திரும்பப் புடைத்தாலும் அமைதி கிட்டுகிறது. அரிவாளும் எரியும் அடுப்பும் மட்டும் எட்டாதிருக்க வேண்டும்.

நம் வாசகர் இல்லங்களில் எழும் ஒரு வினாவையும் இங்கே தொட்டுச் செல்வோம். தொழுகையில் ரக்அத் மறந்து, தொழுததையே திரும்பத் தொழும் தந்தையை என் செய்வது என்று பிள்ளைகள் கலங்குகின்றனர். திருமறையின் அந்நஹ்ல், அல்ஹஜ் அத்தியாயங்கள், அறிந்தபின் ஏதும் அறியாதவராக ஆகிவிடும் தளர்ந்த வயதை மனித வாழ்வின் ஒரு கட்டமாகவே குறிப்பிடுகின்றன. பொறுப்பு நீக்கப்பட்டோரைப் பற்றிய நபிமொழியின் அறிவிப்பொன்றில் மூப்பால் மதி மயங்கியவரும் சேர்க்கப்பட்டிருப்பதை அபூதாவூத் தம் தொகுப்பில் சுட்டியுள்ளார். மதிக்குறைவுற்றோரின் கொடுக்கல் வாங்கலைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் விரிவாக எழுதியதும் அவர்தம் உடைமையைப் பிறர் கவர்ந்துவிடாமல் காக்கவே. ஆகவே திருத்திக்கொண்டேயிருத்தல் வேண்டா. உடன் நின்று தொழுதால் போதும். கைரேகை வாங்கிப் பத்திரம் எழுதிக்கொள்ளும் உறவினரையே அஞ்ச வேண்டும். மலையிலும் நிலப் பட்டாவில் இவ்விடர் உண்டாகலாம்.

பெற்றோர் நலனுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வரையறுக்கிறது. பராமரிப்பவர்க்கு ஓய்வு தருவது யார் கடமை என்பதை அது சொல்லவில்லை. முதியோர் உதவிக்கென 14567, மனநல ஆலோசனைக்கென 14416 என்னும் தொலைபேசி எண்கள் உள்ளன. குறிப்பேட்டில் எழுதி வைக்கத்தக்கவை. ஆயினும் அப்பெண்ணுக்கு வேண்டுவது பெரும்பாலும் இதனினும் சிறியது. சந்தை நாளில் பக்கத்து வீட்டுக்காரி மூன்று மணி நேரம் முதியவரோடு திண்ணையில் அமர்ந்திருப்பாளாயின், அவள் சோளக்காடு சென்று தன் மிளகைத் தானே விலை பேசி விற்று, ஒரு குவளை தேநீரை ஆறுமுன் குடித்துத் திரும்புவாள்.