கொட்டியாரப் பாதைகளும் கொயிலோவர் வில்களும்

எம் மூத்தோர் காலத்து மாட்டு வண்டிகளுள் ஒன்றுக்கு வில்வண்டி என்பது பெயர். பாரவண்டியில் அச்சின்மீது சட்டம் நேரே அமர்ந்திருக்கும். ஆட்கள் ஏறிச் செல்லும் வண்டியிலோ இரண்டிற்கும் இடையே இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில் இருக்கும். அவ்வில்லே வண்டிக்குப் பெயருமாயிற்று. இன்று எமதூர் இளைஞர் தம் கார்களுக்குப் பூட்ட விரும்பும் 'கொயிலோவர்' என்னும் உறுப்பும் அவ்வில்லின் வழித்தோன்றலே. நாளாந்தம் ஓடும் காருக்கு அதனைத் தெரிந்தெடுக்குமுன் எண்ணவேண்டுவன யாவை என்பதை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இக்கேள்வி இப்பொழுது எழுந்தமைக்குக் காரணம் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மோட்டார் வண்டி இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அவ்விடைக் காலத்திற் பழைய கார்களே ஓடித் தேய்ந்தன. ஆதலின் அதிர்வடக்கிகளை மாற்றவேண்டிய நிலை பலர்க்கு நேர்ந்துள்ளது. (கராச்சில் இதனைச் 'சோக் அப்சோபர்' என்பர், அச்சொல்லை ஒறுத்து ஒதுக்கும் தமிழ்ப் பற்று எமக்கில்லை.) மாற்றுவதுதான் மாற்றுகிறோம், உயரத்தைக் கூட்டவுங் குறைக்கவும் கூடியதையே பூட்டினால் என்ன என்பது இளைஞர் எண்ணம்.

காரின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் இரு தொழில்கள் நடைபெறுகின்றன. சுருள்வில் பாரத்தைத் தாங்கிப் பள்ளந் திட்டிகளை உள்வாங்கிக் கொள்கின்றது. ஆயின் அமுங்கிய வில் விரியும், விரிந்தது மீண்டும் அமுங்கும். இவ்வூசலை நிறுத்துவது அதிர்வடக்கி. அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளினூடே நெருக்கப்பட்டு, அசைவின் ஆற்றல் வெப்பமாகிக் கழிகின்றது. அதிர்வடக்கியின் உடலைச் சூழ்ந்து சுருள்வில்லைப் பொருத்தி, அவ்வுடலிலே புரி வெட்டி, வில் அமரும் தட்டை மேலுங் கீழும் திருகத்தக்கதாக ஆக்கிவிட்டால் அதுவே கொயிலோவர். சிலவற்றில் உச்சியில் ஒரு திருகுமுளையும் இருக்கும். அது எண்ணெய் செல்லும் வழியை நெருக்கியும் தளர்த்தியும் அடக்கும் வலிமையை மாற்றும். இவையெல்லாம் பந்தய ஓட்டத்துக்கென வளர்ந்தவை. ஒவ்வோர் ஓடுகளத்துக்கும் ஒவ்வோர் அளவு வேண்டுமென்பதனாலேயே அங்கே திருகும் வசதி தேவைப்பட்டது.

தட்டை மேலே திருகினால் வில் கடினமாகும், கீழே இறக்கினால் மென்மையாகும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இது பிழை. இழுப்புக்கும் நீட்சிக்கும் உள்ள விகிதத்தை றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். சீரான சுருளுடைய வில்லொன்று ஒரு மில்லிமீற்றர் அமுங்க 3 கிலோ பாரம் வேண்டுமெனின், தட்டு எங்கே நிற்பினும் அதற்கு 3 கிலோவே வேண்டும். கடினம் கம்பியின் தடிப்பிலும் சுற்றுக்களின் எண்ணிக்கையிலும் அகலத்திலும் உள்ளது. தட்டினால் மாறுவது உயரமே. அதனோடு சக்கரம் மேலேறுவதற்கு எஞ்சியுள்ள இடமும் மாறும். எம் பாதைகளுக்கு உயிர்நிலையாவது இவ்விடமே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறிய காரின் பின்சக்கரம் மேலே எழும்ப 80 மில்லிமீற்றர் இடம் உள்ளதாகவும், வில்லின் அளவு மில்லிமீற்றருக்கு 2 கிலோ எனவும் கொள்வோம். அழகு கருதிக் காரை 40 மில்லிமீற்றர் தாழ்த்தினால் மிகுதி 40. பின்னிருக்கையில் இருவரும் பெட்டியில் ஓர் அரிசி மூடையுமாக 150 கிலோ ஏறின், ஒரு சக்கரத்துக்கு 75 கிலோ. வில் இன்னும் 37 மில்லிமீற்றருக்கு மேல் அமுங்கும். எஞ்சுவது 3 மில்லிமீற்றரும் இல்லை. அடுத்த மதகின் விளிம்பிலேயே றப்பர்த் தடுப்பு மோதி, அந்த அடி நேரே இருப்பவரின் முதுகெலும்புக்கு ஏறும். தாழ்த்தாத காரிலோ அதே பாரத்துடனும் 40க்கு மேல் இடமிருக்கும்.

இதனைத் தவிர்க்கவே தாழ்த்தும் தொகுதிகளிற் கடினமான வில்லை வைத்து விற்கின்றனர். அதற்கும் விலை கொடுக்க வேண்டும். 300 கிலோ தாங்கும் மூலையொன்றில் 2 கிலோ வில் 150 மில்லிமீற்றர் அமுங்கி நிற்கும். வண்டி செக்கனுக்கு ஏறத்தாழ 1.3 முறை அசையும். அது உடலுக்கு இதமான அசைவு. அவ்விடத்தில் 6 கிலோ வில்லைப் பூட்டின் அமுங்குவது 50 மில்லிமீற்றரே. அசைவோ செக்கனுக்கு 2.2 முறையாகும். கிறவல் வீதியில் இது குலுக்கலன்றி வேறில்லை. மேலும் குழி வரும்போது சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடவேண்டும். சிறிதே அமுங்கியிருந்த வில் சிறிதே விரியுமாதலின், சக்கரம் அந்தரத்தில் நிற்கப் பிரேக்கின் பிடி தளரும்.

கட்டைபறிச்சானில் ஒரு கார் ஒரே நாளிற் காணும் நிலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உள்வீதியின் கிறவல், வயலோரத்து மணல், மாரியில் வெள்ளம் அரித்த ஓரங்கள், பின்னர் மூதூர் கடந்து திருகோணமலைக்குச் செல்லும் செப்பமான தார் வீதி. 2009 ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு அங்கிருந்த பாதைப் படகு ஓய்ந்த பின்னர், காரிலேயே நகருக்குப் போய்வருதல் பலர்க்கு அன்றாட வழக்கமாயிற்று. மகப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணை நள்ளிரவில் மூதூர்த் தள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் இதே கார்தான். பந்தயக்காரன் தன் உடம்பை மட்டும் நினைந்து தெரிவான். இங்கே தெரிபவர் பின்னிருக்கையையும் நினைந்தே தெரிதல் தகும்.

எமது கருத்து இது. தேய்ந்த உறுப்பை மாற்றுவதே நோக்கமெனின், தொழிற்சாலை அளவிலான புதிய அதிர்வடக்கியும் வில்லும் போதும், செலவுங் குறைவு. பாரம் அடிக்கடி ஏறுவதால் தாழ்ந்துபோகும் காரைச் சிறிது உயர்த்தவோ, நெடுவீதியில் உறுதியை மிகுவிக்கவோ விரும்புவோர்க்குக் கொயிலோவர் பயன்படும். அப்பொழுது விற்பவரிடம் முதலிற் கேட்கவேண்டியது எவ்வளவு தாழும் என்பதன்று. வில்லின் அளவு எத்தனை, தொழிற்சாலை உயரத்தில் நிறுத்த இயலுமா என்பனவே. பழைய வில்லின் அளவைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டதை நாம் விரும்போம். அடித்தாங்கியையும் புரியில் திருகி முழு நீளத்தையே மாற்றும் வகை சிறந்தது. உயரத்தை மாற்றினும் அதிர்வடக்கியின் உள்ளோட்டம் குறையாது. ஆயினும் ரயர் மட்காட்டில் உரசும் எல்லையை எவ்வகையும் மாற்றிவிடாது. பின்சக்கரத்தில் வில் வேறு, அதிர்வடக்கி வேறாக நிற்கும் சிறிய கார்கள் பல உள. அவற்றுக்கு வரும் தொகுதியிற் பின்பக்கம் உண்மையிற் கொயிலோவரே அன்று என்பதையும் அறிந்து விலை பேசுக.

கடற்காற்று மற்றொரு பகை. இரும்பு உடலில் அலுமினியத் தட்டு திருகப்பட்டு, இடையே உவர்நீர் புகின் இரண்டும் அரித்துப் பற்றிக்கொள்ளும். ஈராண்டிற்குப் பின் ஸ்பெனர் முறியுமேயன்றித் தட்டு அசையாது. திருகும் வசதிக்கெனக் கொடுத்த பணம் அத்துடன் வீண். பூச்சு நன்றாயுள்ளதும் புரியை மூடும் உறையுள்ளதுமான தொகுதியையே வாங்குதல் நன்று. வெள்ளத்தில் ஓடிய பின் நன்னீரிற் கழுவி, மாரி முடிந்ததும் தட்டை ஒருமுறை தளர்த்திக் கிறீஸ் பூசி மீண்டும் இறுக்குக.

காரின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதியையும் காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனையையும் கேட்டறிக. பூட்டிய பின் சக்கரச் சீரமைப்புச் செய்யாவிடின் ரயர்கள் ஒருபுறம் தேயும். முகவிளக்கின் ஒளி எங்கே விழுகின்றதென்பதையும் பார்க்க வேண்டும். புது வில் சில நாளிற் சற்றுப் படியும். ஆகவே பூட்டிய அன்றே, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை நான்கு பக்கமும் அளந்து குறித்து வைத்து, ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி அளந்து, நட்டுகளையும் இறுக்கிக்கொள்க.