சிவனொளிபாதமலை ஏறுமுன் நோயாளரும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையின் உச்சியிலிருந்து சூரியோதயத்தையும் சூழவுள்ள மலைத்தொடர்களையும் காண, டிசம்பர் முதல் மே வரையான பருவகாலத்தில் பெருந்தொகையானோர் செல்கின்றனர். நல்லதண்ணிப் பாதையில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. பலர் இரவில் உறக்கமின்றி ஏறுகின்றனர். இதய நோய், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

நெஞ்சு வலி: இவ்வுயரத்தில் மலைநோய் ஏற்படுவது அரிது. ஆகவே நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல் ஆகியவற்றை உயரத்தின் விளைவெனக் கருதாதீர்கள். இவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே அமர்ந்து, 1990 இலக்கத்திற்கு அழையுங்கள். சில படிகளே எஞ்சியிருந்தாலும் மேலே செல்லாதீர்கள்.

நீரிழிவு: நீண்ட நேரம் ஏறும்போது குருதியில் சீனியின் அளவு குறையலாம். நடுக்கம், குழப்பம், குளிர்ந்த வியர்வை தோன்றினால், விழுங்கக்கூடிய நிலையில் உள்ளவருக்கு உடனே குளுக்கோஸ் அல்லது இனிப்புப் பானம் கொடுங்கள். இன்சுலின் அளவை நீங்களாகவே மாற்றாதீர்கள்.

உச்சியில்: வியர்வையில் நனைந்த உடையுடன் விடியலுக்காகக் காத்திருந்தால் உடல் வெப்பம் விரைவாகக் குறையும். உலர்ந்த மாற்றுடையும் கம்பளி ஆடையும் கொண்டு செல்லுங்கள்.

இறங்கும்போது: முழங்கால்களுக்கு அதிக சுமை ஏற்படுவது இறக்கத்திலேயே. கைப்பிடியைப் பற்றி மெதுவாக இறங்குங்கள்.

பராமரிப்போருக்கு: நோயாளரைத் தனியே விடாதீர்கள். அவருடைய மருந்துகளையும் மருந்துச் சீட்டையும் உங்கள் கைப்பையிலேயே வைத்திருங்கள். அவர் திரும்பிச் செல்ல விரும்பினால், தயங்காது உடன் திரும்புங்கள்.