மதுரை: நூல் நூற்ற நகரம்

வைகையின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் மதுரைக்கு, தெற்கே திருமங்கலத்தைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. அங்கிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வரை கரிசல், அதில் காலங்காலமாகப் பருத்தி. வடக்கிலும் கிழக்கிலும் மேலூர்ப் பக்கம் 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்த நெல் வயல்கள். இடையில் திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 1875-76-இல் போடப்பட்ட ரயில் பாதை. ஆலை முதலாளிக்கு வேண்டிய பருத்தி, பாதை, ஆள் மூன்றும் கூடிய இடமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரை இருந்தது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 10.17 லட்சம் பேர். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 14.6 லட்சத்துக்கு மேல். சென்னை, கோவைக்கு அடுத்து தமிழ்நாட்டின் மூன்றாவது பெரிய நகர்த்திரள் இது.

நூலும் துணியும் ஆலைகளோடு வந்தவை அல்ல. நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. பருத்தித் துணிகளில் சிறந்தவற்றைப் பட்டியலிடும் அர்த்தசாஸ்திரம் முதலில் சொல்லும் ஊர் தென்மதுரைதான் என்று கொள்வோர் பலர். நமக்கு நன்றாகத் தெரிந்த நெசவு வரலாறு நாயக்கர் காலத்திலிருந்து தொடங்குகிறது. குஜராத்திலிருந்து விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்த சௌராஷ்டிரர்கள், திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியேறினார்கள். மகால் பகுதியிலும் முனிச்சாலையிலும் இன்றும் அவர்களுடைய பேச்சைக் கேட்கலாம்.

அவர்கள் கையில் வளர்ந்ததுதான் சுங்குடி. வெள்ளைத் துணியை மடித்து, நகநுனி அளவுக்குக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். வீட்டு வேலைக்கு நடுவே பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து முடிப்பார்கள். பிறகு துணி சாயத் தொட்டிக்குப் போகும். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாததால், அவிழ்க்கும்போது வெள்ளைப் புள்ளி விரியும். கட்டுச் சுங்குடி என்று நிரூபிக்க, சில கடைகளில் முடிச்சை அவிழ்க்காமலே சேலையைக் காட்டுவார்கள். சிவப்புக்குச் சாயவேரை நம்பியிருந்த காலம், ஜெர்மனியிலிருந்து அலிசரின் முதலான செயற்கைச் சாயங்கள் வந்ததும் முடிந்தது. வைகைத் தண்ணீரில்தான் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை மட்டும் பட்டறைக்காரர்களிடம் நெடுங்காலம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடுவதே செய்தியாகிவிட்ட பிறகு, அந்த நம்பிக்கைக்கு வேலையில்லை. 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். முடிச்சுப் போடும் கைக்குக் கிடைக்கும் கூலியைப் பார்த்தால் இதில் வியப்பு இல்லை.

ஆலைகளுக்கு இடம் கிடைத்தது கோட்டை போனதால். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரம் வெளியே பரவ வழி செய்தார். வெளி வீதிகள் அப்போது பிறந்தவை. வேலையை நடத்திய மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் தெருப்பெயர்களாக இருக்கின்றன. பின்னர் ரயில் நிலையம் கோயிலுக்கு மேற்கே அமைந்ததால், தொழில் மதுரை மேற்குப் பக்கமாகவே வளர்ந்தது.

ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையைக் கொண்டு திருநெல்வேலிச் சீமையில் நூற்பாலை நடத்தத் தொடங்கியவர்கள். 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில். 1892-இல் மதுரையில் மதுரா மில்ஸ். மூன்றும் பின்னால் ஒரே நிறுவனமாயின. மதுரைக்காரர்களுக்கு அது என்றைக்கும் 'ஹார்வி மில்'. அதன் சங்குச் சத்தத்துக்கு வீடுகளில் உலை ஏறியது, ஷிப்ட் மாறியது. ஆரப்பாளையம், மேலப்பொன்னகரம், கரிமேடு, அரசரடி எல்லாம் மில் தொழிலாளர் குடியிருப்புகளாகப் பெருகின. திருப்பரங்குன்றம் அருகே நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு ஹார்விபட்டி என்ற பெயரிலேயே நிற்கிறது.

இந்த ஆலை நெய்தது குறைவு, நூற்றதே அதிகம். அதன் நூல் தென்மாவட்டங்களின் கைத்தறிகளுக்குப் போனது. செல்லூர்த் தறிகளும் மகால் பகுதித் தறிகளும் ஆலையால் அழியவில்லை. ஆலை நூலைத் தின்றே பிழைத்தன. ஆலைத்தொழில் கைத்தொழிலைக் கொன்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை மதுரையில் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. நூலுக்காகத் தறிக்காரர் ஆலையையும் நூல் வியாபாரியையும் சார்ந்து நிற்க வேண்டியிருந்ததுதான் இதற்குக் கொடுத்த விலை. நூல் விலை ஏறும்போதெல்லாம் தறி நின்றது.

ஹார்விகளுக்கு எதிராக முதலில் பெரிதாக எழுந்தது தூத்துக்குடி. 1908-இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள். மதுரைக்கு அந்தக் காற்று பத்தாண்டு கழித்து வந்தது. 1918-இல் மில் தொழிலாளர் பிரச்சினையையொட்டி டாக்டர் வரதராஜுலு நாயுடு மதுரையில் பேசிய பேச்சுக்காகக் கைது செய்யப்பட்டார். அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப் மில் தொழிலாளர் சங்கத்தைக் கட்டுவதில் இறங்கினார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவரும் அவரே. அந்தச் சட்டத்தில் சிக்கிய பிரமலைக் கள்ளர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அன்றைய வேலை நேரத்தை நினைத்தால் சங்கம் ஏன் பிறந்தது என்று கேட்கவே வேண்டாம். 1922-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டமே வாரத்துக்கு 60 மணி நேரத்தை உச்ச வரம்பாக வைத்தது. அது 54 ஆக இறங்க 1934 வரையும், 48 ஆக இறங்க 1946 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டுகளில் சங்க இயக்கம் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாய்ந்தது. மதுரைச் சதி வழக்கில் சிறையிலிருந்த பி.ராமமூர்த்தி, என்.சங்கரய்யா உள்ளிட்டோர் விடுதலையானது 1947 ஆகஸ்ட் 14 அன்று.

இந்திய முதலாளிகளில் முதலிடம் கருமுத்து தியாகராஜ செட்டியாருக்கு. 1920-களில் அவர் தொடங்கிய மீனாட்சி மில்லைத் தொடர்ந்து பல ஆலைகள் வந்தன. 1943-இல் பாங்க் ஆஃப் மதுரா, 1949-இல் தியாகராசர் கல்லூரி, 1957-இல் பொறியியல் கல்லூரி. ஆலையில் ஈட்டிய பணம் ஊரிலேயே வங்கியாகவும் வகுப்பறையாகவும் மாறியது இவர் கையில்தான். அந்த வங்கி 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்து பெயரிழந்தது. பசுமலையில் மகாலட்சுமி மில், கப்பலூரில் தியாகராசர் மில் என்று திருமங்கலம் சாலை நெடுக ஆலைப் பெயர்கள் வரிசையாக வந்தன.

மதுரையின் இரண்டாவது பெரிய தொழில் கதை சக்கரத்தில் தொடங்குகிறது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டி, பிறகு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பது பழைய மதுரைக்காரர்களின் பேச்சு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியில் ஓடும் எரிவாயுக் கருவியை இந்நிறுவனம் செய்து பஸ்களில் பொருத்தியது. மேல வெளி வீதியில் இருந்த பணிமனை ஒரு தொழிற்பள்ளிக்குச் சமம்: எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு தலைமுறையை அது உருவாக்கியது. 1972-இல் தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது, டி.வி.எஸ். வண்டிகளைக் கொண்டே பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது.

அதற்கு முன்பே குடும்பம் உற்பத்திக்கு மாறியிருந்தது. ஆனால் மதுரையில் அல்ல. லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் எழுந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்தது. உதிரிபாகம் செய்பவர் வாங்குபவருக்குப் பக்கத்தில்தான் இருப்பார். 1980-இல் வந்த மொபெட் ஓசூரில் பிறந்தது. மதுரைக்குக் கிடைத்தவை ரப்பர் தொழிலும், மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் உள்ள ஸ்ரீசக்ரா டயர் ஆலையும். கோச்சடையில் பென்னர் நிறுவனம் இயந்திரங்களுக்கான பெல்ட் செய்கிறது.

கோவையோடு ஒப்பிட்டால் மதுரையின் குறை தெளிவாகத் தெரியும். கோவை ஆலை முதலாளிகள் நூற்பு இயந்திரத்தைப் பழுது பார்த்த பட்டறைகளையே வார்ப்பாலைகளாக்கினார்கள், பம்பு செய்தார்கள், 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் மூலம் நூற்பு இயந்திரத்தையே செய்தார்கள். மதுரையின் மிகப் பெரிய ஆலைக்கு முதலாளி வெளிநாட்டுக்காரர்; இயந்திரம் கப்பலில் வந்தது, லாபம் கப்பலில் போனது. நூறு ஆண்டு நூற்ற ஊரில் இயந்திரத் தொழில் ஒன்று தழைக்கவில்லை.

1974-இல் மதுரா மில்ஸ், பிரிட்டனின் ஜே. அண்ட் பி. கோட்ஸ் குழுமத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆகி, தையல் நூலில் கவனம் செலுத்தியது. அதன் ஆயத்த ஆடைப் பிரிவான மதுரா கார்மென்ட்ஸ் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கைமாறியது. லூயி பிலிப், வான் ஹியூசன் சட்டை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த 'மதுரா' எந்த ஊர் என்று தெரியும்? மற்ற ஆலைகளுக்கு 1980-கள் முதல் இறங்குமுகம். பழைய இயந்திரம், ஏறிய சம்பளம், விசைத்தறியின் போட்டி ஒரு பக்கம். திண்டுக்கல், வேடசந்தூர், ராஜபாளையம் பக்கம் கிராமத்து இளம்பெண்களை ஒப்பந்தத்தில் எடுத்துக் குறைந்த கூலியில் ஓடிய புது நூற்பாலைகள் மறுபக்கம். ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற சட்டப் பிரிவு செல்லும் என்று 1992-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த வழக்கு, மீனாட்சி மில் தொழிலாளர்களுடையது. தொழிலாளர் சட்டம் படிக்கிற மாணவர் எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆலைகள் நின்ற இடங்களில் பல இன்று வீட்டுமனைகள்.

ஆலைகள் விட்ட இடத்தைப் பட்டறைகள் பிடித்தன. எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளில் தகடு வெட்டி, அழுத்தி, மெருகேற்றுகிறார்கள். மெருகேற்றும் சக்கரத்தின் தூசு தொழிலாளியின் நெஞ்சுக்குள் போகிறது. அனுப்பானடி, சிந்தாமணி, ஜெய்ஹிந்த்புரம் வீடுகளில் பெண்கள் அப்பளம் தேய்க்கிறார்கள். அது சென்னைக்கும் மலேசியாவுக்கும் போகிறது. புதூரிலும் கப்பலூரிலும் தொழிற்பேட்டைகள். சிறு தொழில் முனைவோருக்கு மடீட்சியா என்ற சங்கம். மேலூர்ப் பக்கக் கிரானைட், 2012-இல் வெளிவந்த கலெக்டர் சகாயத்தின் அறிக்கைக்குப் பிறகு குவாரிகள் மூடப்பட்டதோடு வேறொரு கதையாயிற்று. ஒரு குன்றையே விற்றுத் தீர்க்கும் வேலையைத் தொழில் என்று சொல்வதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவே தனித்துத் தெரிவது ஆரோலேப். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரை அறுவையில் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் அதை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்து, விலையைச் சிறு பங்காகக் குறைத்தார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லை போகிறது. தன் தேவைக்கான கருவியைத் தானே செய்துகொள்வது என்ற பாடத்தை மில் முதலாளிகள் படிக்கவில்லை. ஒரு கண் மருத்துவமனை படித்தது.

துறைமுகம் ஒரு பழைய நகரத்தை எங்கே கொண்டுபோகும் என்பதற்குத் தெற்குச் சீனத்தின் குவாங்சௌவைப் பார்க்கலாம்; அதுவும் மதுரையைப் போலப் பழமையான நகரம்தான். முத்து ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்ததால், 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகர்களுக்குத் திறந்திருந்த ஒரே சீனத் துறைமுகம் அது. 1957 முதல் அங்கே கான்டன் வணிகக் கண்காட்சி நடக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1.87 கோடி. துறைமுகம், அண்டையில் ஹாங்காங் முதலீடு, 1980-களுக்குப் பின் அரசு கொட்டிய கட்டமைப்பு மூன்றும் அதை உந்தின. மதுரைக்கோ துறைமுகமான தூத்துக்குடி சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில். நாற்கரச் சாலை வந்துவிட்டது. மதுரை–தூத்துக்குடி தொழில் வழித்தடம் என்ற பேச்சும் நெடுநாளாக இருக்கிறது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் மென்பொருள் பூங்காக்கள் திறந்திருக்கின்றன. ஆனால் ஒரே கூரையின் கீழ் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்த ஹார்வி மில்லுக்கு ஈடாக ஒன்று இதுவரை வரவில்லை. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். மக்கள்தொகையில் பெருநகரமாகிவிட்ட மதுரை, தொழிலில் 1950-களில் இருந்த இடத்தைவிடக் கீழேதான் இருக்கிறது.