பிள்ளைகளின் உழைப்பில் நடக்கும் பள்ளி

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், கிரீனிச் வில்லேஜ் என்னும் பழைய குடியிருப்பில் இயங்கிவரும் சிட்டி அண்ட் கன்ட்ரி பள்ளி, இரண்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் காலையில் வந்து பிற்பகலில் வீடு திரும்பும் ஒரு சிறிய பகல்நேரப் பள்ளியாகும். அரசு நிதியைச் சாராமல், தனக்கென அமைந்த நிர்வாகக் குழுவின் பொறுப்பில், கட்டணத்தையும் நன்கொடையையும் கொண்டு நடக்கும் இத்தகைய பள்ளிகளை அமெரிக்கர் சுயேச்சைப் பள்ளிகள் என வகைப்படுத்துவர். ஒரு நூற்றாண்டு கடந்தும் அளவில் பெருகாத இப்பள்ளியிலிருந்து புறப்பட்ட ஒரு விளையாட்டுப் பொருள் இன்று உலகின் பல நாடுகளில் மழலையர் வகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதனினும் ஆழமான அதன் மற்றொரு படைப்பு பள்ளியின் மதில்களைத் தாண்டி அதிகம் செல்லவில்லை.

பள்ளியை நிறுவிய கரோலின் பிராட் 1867-இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபயட்வில் என்ற சிற்றூரில் பிறந்து, பதின்ம வயதிலேயே ஊர்ப்புறப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கியவர். 1892-இல் நியூயார்க்கின் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்த அவருக்கு, ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் வகுத்த கிண்டர்கார்டன் முறை பயிற்றுவிக்கப்பட்டது. சிறு கனசதுரங்கள், உருளைகள், பந்துகள் ஆகியவற்றைக் குறிப்பிட்ட வரிசையில் குழந்தையின் கையில் தந்து, அவற்றின் வழியே உலகின் ஒழுங்கை உணரச் செய்வதே அம்முறையின் நோக்கம். ஆசிரியை காட்டிய வடிவத்தைக் குழந்தை திரும்பச் செய்து காட்டுவதாக அது இறுகிவிட்டதைக் கண்ட பிராட், அதைவிட்டு மரவேலைப் பயிற்சிக்கு மாறினார். ஸ்வீடனில் வளர்ந்த ஸ்லாய்ட் என்னும் கைவேலைக் கல்வியை, அதாவது எளியதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் மரப்பொருள்களைச் செய்யப் பழக்கும் முறையை, அந்நாட்டுக்கே சென்று கற்றும் அவருக்கு நிறைவு கிட்டவில்லை. ஏனெனில் அங்கும் எதைச் செய்வது என்பதைப் பெரியவர்களே முடிவு செய்தனர். பிலடெல்பியாவில் ஆசிரியையாக இருந்தபோது அறிமுகமாகி வாழ்நாள் துணையாகிவிட்ட ஹெலன் மாரட், நூலகராகவும் தொழிலாளர் உரிமைக்குப் பாடுபட்டவராகவும் இருந்தவர். உழைப்பைக் கல்வியின் மையத்தில் வைக்கும் துணிவு பிராட்டுக்கு வந்ததில் மாரட்டின் பங்கு பெரிது என்றே கொள்ள வேண்டும்.

நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பிராட், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளின் சமூகநல மையங்களில் மரவேலை கற்பித்துக்கொண்டே, குழந்தைகள் தாமாக விளையாடும்போது என்ன செய்கிறார்கள் என்பதைக் கூர்ந்து பார்த்துவந்தார். துறைமுகத்தையும் ரயில் பாதையையும் கண்ட குழந்தை, கையில் கிடைத்ததைக் கொண்டு அவற்றை மீண்டும் கட்டிப்பார்க்கிறது. கண்டதைப் புரிந்துகொள்ள அது மேற்கொள்ளும் ஆராய்ச்சியே அவ்விளையாட்டு என்பது அவர் அடைந்த தெளிவு. அந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற கருவியாக அவர் வடிவமைத்தவையே யூனிட் பிளாக் எனப்படும் வழவழப்பான மரக்கட்டைகள். அடிப்படைக் கட்டை ஒன்றின் நீளம் ஐந்தரை அங்குலம், அகலம் அதில் பாதி, கனம் அந்த அகலத்திலும் பாதி. அரைக்கட்டை, இரட்டைக் கட்டை, நான்மடங்குக் கட்டை, வளைவுகள், முக்கோணங்கள் யாவும் இந்த ஒரே அளவின் மடங்குகளாகவோ பகுதிகளாகவோ அமைவதால், சுவரில் இடைவெளி விழுந்தால் இரு அரைக்கட்டைகள் ஒரு முழுக்கட்டைக்கு ஈடாகும் என்பதை நான்கு வயதுக் குழந்தை யாரும் சொல்லாமலே கண்டுகொள்கிறது. வண்ணமோ படமோ பூசப்படாத கட்டை இன்று பாலமாகும், நாளை படகாகும். தம் வடிவமைப்புக்குப் பிராட் காப்புரிமை பெறாததால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்து விற்க முடிந்தது. அதன் பரவலுக்கு இதுவும் ஒரு காரணம்.

1913-இல் ஆறு குழந்தைகளைக் கொண்டு சோதித்துப் பார்த்தபின், மறு ஆண்டு கிரீனிச் வில்லேஜில் மூன்று அறைகள் கொண்ட வாடகை வீட்டில் ‘விளையாட்டுப் பள்ளி’ என்ற பெயரில் பிராட் தம் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியும் அவர் மகள் எவ்லினும் 1915-இல் வெளியிட்ட ‘நாளைய பள்ளிகள்’ என்ற நூலில் இச்சிறு முயற்சியையும் விவரித்தனர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மகளிருக்கான முதல் முதல்வராக இருந்த லூசி ஸ்ப்ரேக் மிட்செல் பொருளும் இடமும் தந்ததோடு, தாமே வகுப்பும் எடுத்தார். இப்பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைக் கவனித்து அவர் எழுதிய கதைகள், தேவதைக் கதைகளை விட்டுச் சுற்றியுள்ள தெருவையும் தொழிலையும் பேசிய தொகுப்பாக 1921-இல் வெளிவந்தன. 1916-இல் அவர் தொடங்கிய கல்விச் சோதனைகள் பணியகம், பின்னாளில் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது.

பிராட்டின் பள்ளியை மற்றச் சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, எட்டு வயது முதல் தொடங்கும் பணித் திட்டமாகும். இப்பள்ளியில் வகுப்புகளுக்குப் பதில் வயதே பெயர். எட்டு வயதினர் ‘எட்டர்’, ஒன்பது வயதினர் ‘ஒன்பதர்’ என்னும் பொருள்பட அழைக்கப்படுகின்றனர். ஒவ்வொரு வயதுக் குழுவிடமும் பள்ளி முழுவதற்கும் தேவையான ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டுள்ளது. எட்டு வயதினர் அஞ்சலகம் நடத்துகின்றனர். அறைகளுக்கிடையே செல்லும் கடிதங்களைப் பிரித்துச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஒன்பது வயதினர் நடத்தும் கடையில்தான் தாளும் பென்சிலும் கிடைக்கும். கொள்முதல், விலை, கணக்கு, இருப்பு ஆகியவை அவர்களுக்கு ஏட்டுக் கணக்காக வராமல் அன்றாடக் கவலையாக வருகின்றன. அறிவிப்புப் பலகைகளைக் கையால் எழுதித் தருவது பத்து வயதினரின் பணி. பதினோரு வயதினரோ அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பள்ளிக்கு வேண்டியதை அச்சிடுகின்றனர். எழுத்தைத் தலைகீழாகக் கோக்கும் கை, எழுத்துப் பிழையை எளிதில் மன்னிப்பதில்லை. பதின்மூன்று வயதினர் செய்தித்தாள் வெளியிடுகின்றனர்.

வாசிப்பை முறையாகக் கற்பிப்பது ஏழு வயதை ஒட்டியே தொடங்கியதால், அண்டை வீட்டுப் பிள்ளை படிக்கத் தொடங்கிவிட்டதே என்ற பெற்றோரின் கலக்கத்தைப் பிராட் பல்லாண்டுகள் எதிர்கொள்ள நேர்ந்தது. கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டிய சிறுவனுக்குப் படிப்பின் பயனை யாரும் விளக்க வேண்டியதில்லை என்பதே அவர் நிலைப்பாடு. அதில் பெரும் உண்மை உண்டு. எனினும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அவர் எண்ணிய பள்ளி, விரைவிலேயே அப்பகுதியின் ஓவியர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குரியதாக மாறியதைக் குறிப்பிடாமல் விட முடியாது. வறுமையிலிருந்து விடுபடப் புத்தகப் படிப்பை நம்பியிருந்த பெற்றோருக்கு, நாள் முழுதும் கட்டையடுக்கும் பள்ளி ஒரு வழியாகத் தோன்றாததில் வியப்பில்லை. வாழ்க்கையில் ஓரளவு பிடிப்பு இருந்தவர்களால் மட்டுமே காத்திருக்க முடிந்தது.

பிராட் 1945-இல் பொறுப்பிலிருந்து விலகி, 1948-இல் ‘நான் குழந்தைகளிடமிருந்து கற்கிறேன்’ என்று பொருள்படும் நூலை வெளியிட்டு, 1954-இல் மறைந்தார். கட்டைகள் அதற்குள் கடல் கடக்கத் தொடங்கியிருந்தன. பணித் திட்டமோ அவ்வாறு பரவவில்லை. கட்டையைப் பெட்டியில் அடைத்து விற்கலாம். எந்தப் பள்ளியும் தன் பாடவேளையை மாற்றாமலே அதை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பணித் திட்டத்தை ஏற்கும் பள்ளி, தன் நடைமுறையின் ஒரு பகுதியை உண்மையாகவே பிள்ளைகளின் கையில் விட்டுவிட வேண்டும். ஆசிரியர் பின்வாசல் வழியே அதைச் சரிசெய்துவிட்டால் வேலை நாடகமாகிவிடும். ஒன்பது வயதினர் தாளுக்கு உரிய நேரத்தில் ஆணை அனுப்பத் தவறினால் மற்ற வகுப்புகளுக்குத் தாள் கிடைக்காது. அப்போது பன்னிரண்டு வயதுக்காரன் வந்து ஏன் என்று கேட்பான், அதற்கு ஒன்பது வயதுக்காரனே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.